என் ஆரூடமும் அலோன்சோவும்

எனக்கு ஒரு கோட்பாடு இருந்தது. பெரிய கால்பந்து ஆட்டக்காரன் நல்ல பயிற்சியாளர் ஆகமாட்டான். காலுக்குத் தெரிந்தது வாய்க்கு வராது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூட இதைச் சொல்லியிருக்கிறேன். அவர் ரசத்துக்குக் காத்திருந்ததால் மறுக்கவில்லை.

யாராவது மறுத்தால் சாட்சிகளை இறக்குவேன். தியரி ஹென்றி மொனாக்கோவுக்குப் பயிற்சியாளராகப் போனது 2018 அக்டோபரில், வீடு திரும்பியது 2019 ஜனவரியில். கேரி நெவில் வலென்சியாவில் நாலு மாதம் தாக்குப்பிடித்தார். அதற்குள் பார்சிலோனாவிடம் ஒரே ஆட்டத்தில் 7 கோல். ஒன்பது வருஷமாக யுவென்டஸ் கையில் இருந்த இத்தாலிய லீக், பிர்லோ பயிற்சியாளராக வந்த சீசனில் கைநழுவிப் போனது.

"அப்போ கார்டியோலா? ஜிதான்?" என்பான் மைத்துனன்.

"அதெல்லாம் விதிவிலக்கு."

ஒருவர் பார்சிலோனாவில் முதல் சீசனிலேயே மூன்று பெரிய கோப்பைகளைத் தூக்கியவர். இன்னொருவர் சாம்பியன்ஸ் லீகைத் தொடர்ந்து மூன்று முறை வென்றவர். விதியைவிட விதிவிலக்கு பெரிதாக இருக்கிறதே என்று நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

2022 அக்டோபரில் ஜெர்மனியின் பேயர் லெவர்குசன் அணி சாபி அலோன்சோவைப் பயிற்சியாளராக்கியது. அப்போது 8 ஆட்டங்களில் 5 புள்ளி, 18 அணிகளில் 17ஆவது இடம். லிவர்பூல், ரியல் மாட்ரிட், பேயர்ன் மூனிக் என்று ஆடிய மனிதர், ஸ்பெயினுக்காக 2010 உலகக் கோப்பையும் வென்றவர். 2005 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அவர் அடித்த பெனால்டியை எதிரணி கோல்கீப்பர் டிடா தடுக்க, திரும்பி வந்த பந்தை அவரே வலைக்குள் அடித்து லிவர்பூலுக்கு 3-3 ஆக்கியதை நானும் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோஜனம்? முதல் உதை தவறினால் அடுத்த நொடியில் என்ன செய்வது என்று தெரிந்த ஆள் இவர் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அவர் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், அவர் பயிற்சி கொடுத்த ரியல் சோசியடாட் பி அணி இரண்டாம் டிவிஷனிலிருந்து கீழே இறங்கியிருந்தது. எனக்கு அது போதும். "தன் டீமை இறக்கிவிட்டவரைக் கூப்பிட்டு, இறங்கப்போற டீமைக் காப்பாத்தச் சொல்றாங்க," என்று வீட்டு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். மாமியார் கைகூப்பும் படம் போட்டார். என் மேதைமைக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரம் அது. எதற்கென்று தெரியாமல்தான் போட்டார் என்பது பிறகு தெரிந்தது.

நான் படிக்காமல் விட்டது அதற்கு முந்தைய வரி. அந்தச் சின்ன அணியை, சுமார் அறுபது வருஷங்களுக்குப் பிறகு, 2021இல் இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றியதும் அவர்தான். அதற்கும் முன்னால் ரியல் மாட்ரிட்டில் 14 வயதுக்குட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். உலகக் கோப்பையை வென்றுவிட்டு, எட்டாம் வகுப்புப் பையன்களிடமிருந்து வேலையைத் தொடங்கியிருக்கிறார். பெரிய கிளப் எதற்கும் உடனே ஓடவில்லை. என் சாட்சிக் கூண்டில் நின்ற மூன்று பேரில் பிர்லோவும் நெவில்லும் ஒரு கிளப்பைக்கூடத் தலைமையேற்று நடத்தாமல் நேரே பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். வித்தியாசம் அங்கே இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

முதல் ஆட்டத்தில் ஷால்கேயை 4-0 என்று அடித்தார்கள். புது மாப்பிள்ளைக்கு முதல் நாள் விருந்து என்றேன். அடுத்து போர்ட்டோவிடம் 0-3, ஃபிராங்ஃபர்ட்டிடம் 1-5. மைத்துனனுக்கு நானே போன் போட்டேன். அலோன்சோ விஷயத்தில் நான் நிம்மதியாக இருந்தது அந்த வாரம் மட்டும்தான். சீசன் முடிவில் அணி 6ஆவது இடத்துக்கு ஏறியது. யூரோப்பா லீகில் அரையிறுதி வரை போய், அலோன்சோவின் பழைய குரு மொரீன்யோவின் ரோமாவிடம் ஒரே ஒரு கோலில் தோற்றது.

2023-24 சீசனில் என் நிலைமை மோசமானது. அர்செனலிலிருந்து ஷாக்கா வந்தார், பென்ஃபிகாவிலிருந்து கிரிமால்டோ, பெல்ஜியத்திலிருந்து போனிஃபேஸ். பின்னால் மூன்று பேர். இரண்டு பக்கமும் கிரிமால்டோவும் ஃபிரிம்பாங்கும் தடுப்பாளர்களாகவும் முன்வரிசைக்காரர்களாகவும் ஓடினார்கள். நடுவே விர்ட்ஸ் என்ற இளைஞன் கிடைத்த இடுக்கிலெல்லாம் நின்று பந்து வாங்கினான். கடைசி நிமிஷம் என்ற ஒன்று அந்த அணிக்குக் கிடையாது. எனக்கு உண்டு, தூக்கம் வருமே.

மார்ச் 14 அன்று யூரோப்பா லீகில் கராபாக் என்ற அஜர்பைஜான் அணியுடன் ஆட்டம். நம்மூரில் அப்போது இரவு. சொந்த மைதானத்தில் லெவர்குசன் 0-2 பின்தங்கியது. நான் டிவியை அணைத்துவிட்டு, "முடிஞ்சுது கதை" என்று மைத்துனனுக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் படுத்தேன். பிறகு ஃபிரிம்பாங் ஒன்று போட, 93ஆவது நிமிஷத்தில் ஷிக் ஒன்று, 97ஆவது நிமிஷத்தில் அவரே இன்னொன்று. காலையில் போனைத் திறந்தால் மைத்துனன் எழுதியிருந்தது ஒரே வரி: "மாமா, கதை இனிமேதான்."

அதே மாதம், லிவர்பூலில் பயிற்சியாளர் குளோப் விலகுவதாகச் சொல்லியிருந்ததால், அலோன்சோ அங்கேதான் போவார் என்று அடித்துச் சொன்னேன். இல்லையென்றால் பேயர்ன். லெவர்குசனிலேயே இருக்கப் போகிறேன் என்று அவர் அறிவித்தது மார்ச் 29. நான் அடித்துச் சொன்னதும் கிட்டத்தட்ட அதே தேதிதான்.

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். மாமியார் வீட்டில் மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். மாமனார் புது வருஷத்துப் பஞ்சாங்கத்தை எடுத்து என் ராசிக்கு 'வாக்கில் நிதானம் தேவை' என்று வாசித்தார். வருஷா வருஷம் அதைத்தானே போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, இரவு ஒன்பது மணி ஆட்டம் டிராவில் முடியும் என்று அறிவித்தேன். வெர்டர் பிரெமனை லெவர்குசன் 5-0 என்று நசுக்கியது. விர்ட்ஸ் மூன்று கோல். ஐந்தாவது விழுந்ததும் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட, ஆட்டம் அங்கேயே முடிந்தது. 1904இல் தொடங்கிய கிளப்புக்கு முதல் லீக் பட்டம். அதுவரை அதைப் பேயர்ன் தொடர்ந்து 11 வருஷம் வைத்திருந்தது. 2002இல் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றிலும் இரண்டாவதாக வந்து, ஊரே கேலி செய்த கிளப் அது. பத்திரிகையாளர் சந்திப்பில் அலோன்சோவின் தலையில் ஆட்டக்காரர்கள் பீரைக் கொட்டினார்கள். மாமனார் ஒன்றும் பேசவில்லை. பஞ்சாங்கத்தை மட்டும் என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

தோற்ற கோட்பாட்டுக்காரன் சும்மா இருக்கமாட்டான், கட்சி மாறுவான். நானும் முன்னாள் ஆட்டக்காரன்தான். கல்லூரி அணியில் மாற்று கோல்கீப்பர். அசல் கோல்கீப்பருக்குக் காய்ச்சலே வரவில்லை. அந்தத் தகுதியோடு, எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் கோடையில் பயிற்சியாளர் ஆனேன். வெள்ளைப் பலகை வாங்கினேன். மூன்று தடுப்பாளர், நாலு நடு, இரண்டு, ஒன்று என்று அம்புக்குறி போட்டு விளக்கிக்கொண்டே போனேன். மொத்தம் வந்திருந்ததே ஏழு பிள்ளைகள். பலகையில் பத்துப் பேர் நின்றார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு சின்னவள் கை தூக்கினாள்.

"கோச் அங்கிள், பந்து எப்போ தருவீங்க?"

அலோன்சோ பயிற்சியின்போது தானே இறங்கிப் பந்தை உதைத்துக் காட்டுவாராம். நானும் காட்டினேன். பந்து பார்க்கிங்கில் நின்ற காருக்கு அடியில் போனது. அதை எடுக்கக் குனிந்தபோது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுநாள் பிள்ளைகள் நான் இல்லாமல் ஆடினார்கள். பால்கனியிலிருந்து பார்த்ததில், நேற்றைவிட நன்றாகவே ஆடினார்கள்.

படுக்கையில் இருந்தபடிதான் முழு பக்தனானேன். லீகில் 28 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லை. எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 51 ஆட்டம் தோற்காமல் ஓடியிருந்தார்கள். டப்ளினில் யூரோப்பா லீக் இறுதியாட்டம், எதிரே அடலான்டா. வாழ்க்கையில் முதல்முறையாக, "லெவர்குசன்தான், சந்தேகமே இல்லை" என்று குழுவில் எழுதினேன். அடலான்டாவின் லுக்மன் ஒருவரே மூன்று கோல் அடித்தார். 0-3. அந்த சீசனில் அவர்கள் தோற்றது அந்த ஒரு ஆட்டம்.

மூன்று நாள் கழித்து பெர்லினில் ஜெர்மன் கோப்பை இறுதியாட்டம். எதிரணி இரண்டாம் டிவிஷன் கைசர்ஸ்லாட்டர்ன். மத்தியானமே மைத்துனன் போன் செய்தான்.

"மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னைக்குக் கைசர்ஸ்லாட்டர்ன் ஜெயிக்கும்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க."

எழுதினேன். ஷாக்கா 17ஆவது நிமிஷத்திலேயே அடித்தார். இடைவேளைக்குச் சற்று முன்பு கொசுனு சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மிச்ச ஆட்டத்தைப் பத்துப் பேரோடு இழுத்துப்பிடித்து 1-0 என்று கோப்பையை எடுத்தார்கள். குழுவில் மாமியார் மறுபடி கைகூப்பும் படம் போட்டிருந்தார். கீழே மைத்துனன்: "அம்மா, இந்தத் தடவை சரியாத்தான் போட்டிருக்கே."