கழட்டி மாட்டும் கிளிப்பு

ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் என் முன்பற்களை ஊர் ரசித்தது போதும் என்று கள்ளக்குறிச்சியில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். பல்லில் ஒட்டுகிற கம்பி வேண்டாம், கழட்டி மாட்டுகிற கிளிப்பே போதும் என்றார். அண்ணத்தில் ஒட்டி உட்காரும் ரோஸ் நிறத் தகடு, முன்பல்லை வளைத்துப் பிடிக்க எவர்சில்வர் கம்பி, கடைவாய்ப் பல்லைக் கவ்வ இரண்டு கொக்கி. நூறு வருடத்துக்கு முன் சார்லஸ் ஹாலி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வடிவமைத்த தகட்டின் வம்சம். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் பல்லைத் தள்ளும். தள்ளுகிற பக்கம் எலும்பு கரையும், விட்டு வந்த பக்கம் புதிதாக வளரும். மாதம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் நல்ல வேகமாம். இந்த வேகத்தைப் பட்டா மாறுதலில் பார்த்திருக்கிறேன்.

தகடு உள்ளே போனதும், ஏதோ சோறு வந்துவிட்டது என்று வாய் எச்சிலைச் சுரந்து தள்ளியது. அதைக்கூடத் துடைத்துக்கொள்ளலாம், பேச்சுக்கு என்ன செய்ய? நாக்கு மடிந்து அண்ணத்தைத் தொட்டால்தான் ளகரமும் ணகரமும். அந்த இடத்தில் பிளாஸ்டிக் குடியேறிவிட்டது. மும்பையில் பிறந்தவன் உதட்டை வைத்தே ஊர்ப்பேரைச் சொல்லிவிடுவான். எனக்கு வாய்த்தது கச்சிராயபாளையம். பக்கத்தில் கள்ளக்குறிச்சி, மலையேறினால் வெள்ளிமலை. பஸ்ஸில் டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் முகத்தைச் சுளித்து, "அண்ணே, மொதல்ல வாயில இருக்கற பாக்கத் துப்புங்க" என்றார். அன்றிலிருந்து "கோமுகி" என்றுதான் கேட்கிறேன். அந்த அணை எங்கள் ஊரைத் தாண்டி இருக்கிறது. காசு கூடப் போனால் போகட்டும், நாக்கு நுனிக்கு வேலை இல்லாத பெயர்.

சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டரில் கரும்பு உருவித் தின்ற பல் இது. இப்போது கிளிப்பைக் கழட்டினாலும் முறுக்குக்கே கூசுகிறது.

ஒட்டிய கம்பி என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். கழட்ட முடியும் என்று தெரிந்ததும் ஊரே கழட்டச் சொல்கிறது. "கல்யாண வீட்டுல எதுக்குடா, நாளைக்கு மாட்டிக்க" என்பார் அத்தை. ஒருநாள் சும்மா விட்டால் மறுநாள் தகடு லேசில் உட்காராது. பல் அதற்குள் சொந்த ஊருக்குக் கிளம்பியிருக்கும்.

அத்தைக்குப் பல்செட். ஈறே போதும் என்று அதைக் கழட்டி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். போன முகூர்த்தத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அத்தை தன் டம்ளரில் பல்செட்டைப் போட்டார். சுவர்ப்பக்கம் திரும்பி, கட்டைவிரலைக் கொக்கியில் கொடுத்து, 'டக்' என்று நான் கழட்டினேன். டப்பாவை எங்கே வைத்தேன் என்று சட்டைப்பையைத் தடவுவதற்குள் அத்தை என் கிளிப்பைப் பிடுங்கி அதே டம்ளரில் போட்டுவிட்டார். பரிமாற வந்த பையன் டம்ளரைப் பார்த்தான், எங்கள் வாயைப் பார்த்தான், ரச வாளியோடு எதிர்வரிசைக்குப் போய்விட்டான்.