அம்மா உட்கார்ந்த சதுர்த்தி

காணிப்பாக்கத்தில் பிள்ளையார் கிணற்றுக்குள் இருக்கிறார். கிணற்றை ஆழப்படுத்த இறங்கிய மூன்று சகோதரர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குப் பேச்சு வராது. கடப்பாரை பட்ட கல்லிலிருந்து ரத்தம் பெருகிக் கிணற்று நீர் சிவந்தது, அந்த நீர் பட்டதும் மூவருடைய குறையும் தீர்ந்தது என்கிறது தலபுராணம். சித்தூரில் பிறந்த பிள்ளைகளுக்குப் பேச்சு வரும்போதே இந்தக் கதையும் வந்துவிடும். கோயில் எங்கள் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். விநாயக சதுர்த்தியன்று தொடங்கி 21 நாள் பிரம்மோத்சவம். எங்களுக்குத் தீபாவளி கூட அதற்கு அடுத்தபடிதான்.

1911-ல் தனி மாவட்டம் ஆகும்வரை சித்தூர் வட ஆற்காட்டோடு இருந்த ஊர். அதனால் எங்கள் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. கேட்க இனிமையாக இருக்கும். சதுர்த்தியன்று அம்மாவுக்கு அது இரட்டை வேலை. தமிழ் வழக்கப்படி பூரணக் கொழுக்கட்டை, தெலுங்கு வழக்கப்படி உண்ட்ராள்ளு என்னும் அரிசி உருண்டை, பூஜைக்கு 21 வகை இலை. இரண்டில் எதையும் விட்டுவிட முடியாது. ஒன்றை விட்டால் பாட்டி கேட்பாள், மற்றதை விட்டால் பக்கத்து வீட்டு அக்கா கேட்பார்.

அந்த நாளில் அப்பா காலையில் குளித்து, பட்டு வேட்டி கட்டி, மணையில் உட்கார்ந்துவிடுவார். களிமண் பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை, மேலே காகிதக் குடை. நாமாவளி சொல்லி ஒவ்வொரு இலையாகப் போடுவார். பிறகு சியமந்தக மணியின் கதையைப் படிப்பார். கதை முடிந்ததும் எல்லோர் தலையிலும் அட்சதை, அடுத்து வரிசையாக நின்று தோப்புக்கரணம். பூஜை முடிந்து எழுந்திருக்கும்போது அவர் முகமே மாறியிருக்கும். "பண்டிகைன்னா மனசுக்கு எவ்வளவு நிம்மதி!" என்பார். அவருக்கு அது முழு உண்மை.

அம்மா அந்தக் கதையை ஒரு வருஷமும் உட்கார்ந்து கேட்டதில்லை. அடுப்படிக் கதவு வழியாகக் காதில் விழுந்தது எவ்வளவோ, அவ்வளவுதான். முந்தின நாளே பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்திருப்பாள். விடியும் முன் எழுந்து, கொதிக்கிற தண்ணீரில் உப்பும் நல்லெண்ணெயும் விட்டு மாவைக் கிளறுவாள். காய்ந்துபோகாமல் ஈரத்துணி போட்டு மூடிவைப்பாள். எலுமிச்சை அளவு உருண்டையை எடுத்து, கட்டைவிரலை நடுவில் வைத்து, மற்ற விரல்களால் சுற்றிச் சுற்றி அழுத்துவாள். உள்ளங்கையில் ஒரு சொப்பு எழும்பும். விளிம்பு மெலிந்தால் கிழியும், தடித்தால் வேகாது. அவள் கண் விரலை விட்டு நகராது, மூச்சு கூட மெல்லத்தான் வரும். ஐந்தாறு சொப்பு அப்படி வந்திருக்கும், அதற்குள் கூடத்திலிருந்து குரல் வரும்: "வந்தவங்களுக்குக் காப்பி!"

அன்றைக்கெல்லாம் மன அழுத்தம் என்ற பேச்சே கிடையாது, வீட்டு வேலையே யோகாசனம், பண்டிகையே தியானம் என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்த வேலையைச் செய்யாதவர்கள். அம்மாவுக்குச் சதுர்த்திக்கு மறுநாள் தலைவலி வரும், ஒற்றைத் தலைவலி. அதற்கும் மறுநாள் காணிப்பாக்கம். அடுக்கு டிபன் கேரியரோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வருவாள். வரிசை நகர்ந்து, கிணற்றிலிருக்கும் சுவாமி எதிரில் அவள் கண்மூடிக் கைகூப்பும்போது பின்னாலிருந்து "ஜருகண்டி", நகருங்கள், என்று சத்தம் வரும். பண்டிகை முழுவதிலும் அவளுக்கென்று கிடைத்த நேரம் அவ்வளவுதான்.

இப்போது எங்கள் வீட்டுக்கு யோகா பாய் வந்திருக்கிறது, அண்ணியோடு, பெங்களூரிலிருந்து. எட்டு வார வகுப்புக்குப் போனவர். ஜான் கபாட்-ஸின் 1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய பயிற்சியின் வழியில் வந்தது அது. பௌத்த தியானத்தையும் ஹட யோகத்தையும் சேர்த்து, வலியோடு வாழும் நோயாளிகளுக்காக அவர் அமைத்தது. இங்கிருந்து போன சரக்கு கடல் கடந்து சுற்றி, எங்கள் வீட்டுக் கூடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. மனதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனியுங்கள் என்று வாழ்நாளெல்லாம் பேசிய ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-ல் பிறந்தது மதனப்பள்ளியில். நான் வளர்ந்த காலத்தில் அது எங்கள் மாவட்டத்து ஊர். அவர் பேச்சைக் கேட்க வெளிநாட்டுக்காரர்கள் அவருடைய ரிஷிவேலிப் பள்ளிக்கு வந்தார்கள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அவர் பெயர் தெரியும், ஊர் தெரியும். போய்க் கேட்க நேரம்தான் இல்லை.

அண்ணி சதுர்த்தியன்று முதலில் செய்த காரியம் பாயை விரித்ததல்ல. அண்ணனைத் துருவுமணையில் உட்காரவைத்ததுதான். தேங்காய் முழுவதும் அவர் பொறுப்பு. இலை பறிப்பது பிள்ளைகள், காப்பி அவரவர் போட்டுக்கொள்வது. நைவேத்தியம் ஆனதும் இருபது நிமிஷத்துக்கு அடுப்படியும் மூடல், கைப்பேசியும் மூடல். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். எந்த வேலையையும் குறைக்காமல், பட்டியலில் இன்னொரு வரியாகத் தியானத்தைச் சேர்த்தால் அதுவும் ஒரு சுமை. அதைக் கூடுதலாகச் சுமப்பதும் பெண்தான்.

அந்த இருபது நிமிஷத்தில் பெரிய ஆசனம் எதுவும் கிடையாது. அண்ணியும் நானும் தரையில் படுத்துக் காலைச் சுவரில் ஏற்றிவைத்துக்கொள்கிறோம். முழங்கால் வலிக்காரியான அம்மாவுக்கு நாற்காலி. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுப்பது, ஆறு எண்ணும்வரை விடுவது. மூச்சை நீட்டி விடும்போது நெஞ்சுத் துடிப்பு நிதானப்படும், உடம்பு ஓய்வின் பக்கம் திரும்பும். இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி குழு 2001-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஜெபமாலை சொன்னாலும் மந்திரம் சொன்னாலும் மூச்சு நிமிஷத்துக்கு ஆறு அளவுக்கு இறங்குகிறது, இதயத்தின் தாளம் சீர்படுகிறது என்று அதில் கண்டார்கள். அதைப் படித்தபோது அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. நாமாவளி அவருக்குத் தந்த நிம்மதி கற்பனை இல்லை. உட்கார்ந்து சொன்னவருக்கு அது கிடைத்தது. உட்கார முடியாதவளுக்கு எப்படிக் கிடைக்கும்?

முதல் வருஷம் அம்மா நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். "பால் அடுப்புல இருக்கா பாரு" என்று இரண்டு தரம் எழப் பார்த்தாள். "இறக்கி வெச்சாச்சு அத்தே, நீங்க மூச்சை எண்ணுங்க" என்றார் அண்ணி. அடுத்த வருஷம் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். இப்போது சியமந்தக மணியின் கதையைப் படிப்பதே அவள்தான், மணைக்குப் பதில் நாற்காலியில், கண்ணாடி போட்டுக்கொண்டு. அதிலும் ஜாம்பவான் சண்டை வரும் இடத்தை நிறுத்தி நிதானமாகப் படிக்கிறாள். காணிப்பாக்கத்துக்குப் பிரம்மோத்சவக் கூட்டத்தில் போவதையும் விட்டாயிற்று. 21 நாளும் முடிந்தபின் ஏதாவதொரு சாதாரண நாளில் காலையில் போய் வருகிறோம்.

போன தடவை பூஜைச் சாமான் பட்டியல் எழுதும்போது அம்மாவே சொன்னாள்: "இத்தனை பட்சணம் எதுக்குடி? கொழுக்கட்டை, சுண்டல், பானகம் போதும். பிள்ளையார் கேட்டாரா, உங்கப்பா கேட்டாரு." அண்ணன் உண்ட்ராள்ளாவது இருக்கட்டுமே என்றார். "இருக்கட்டும், நீ கிளறு" என்று சொல்லிவிட்டுப் பட்டியலில் அரிசி மாவை மட்டும் கொஞ்சம் கூட்டி எழுதச் சொன்னாள்.