ஒன்பது தடுப்பு, எட்டு பெர்த்

தொண்ணூறுகளில் திருச்செந்தூர்க்காரர்கள் சென்னைக்குப் போக, பாசஞ்சரில் நெல்லை ஜங்ஷன் வந்து நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிப்போம். பெட்டிக் கதவருகே ஒட்டிய சார்ட்டில் விரலை ஓட்டிப் பெயரைத் தேடுவோம். அன்றைய ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த். தடுப்புக்கு எட்டாக ஒன்பது தடுப்பு. பேசிக் கணினி மொழி கற்கும்போது, தகவலைக் கட்டம் கட்டமாக வைக்கும் இருபரிமாண அரே எனக்கு உடனே பிடிபட்டது அந்தச் சார்ட்டால்தான். ‘டிம் பி(9,8)’ என ஒரு வரி எழுதினால் போதும், எல்லாக் கட்டமும் தயார்.

இன்று செந்தூர் எக்ஸ்பிரஸ் நம்மூரிலிருந்தே சென்னைக்கு ஓடுகிறது. 2018 மார்ச் முதல் பெரிய நிலையங்களில் பெட்டியில் சார்ட் ஒட்டுவதை ரயில்வே நிறுத்தத் தொடங்கியது. ஆனாலும் என்னிடம் ஜாவாஸ்கிரிப்ட் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் பயிற்சியாக நான் கொடுப்பது அதே சார்ட்தான்.

போன வாரம் ஒரு மாணவி ஓடி வந்தாள். “சார், ஒரு லோயர் பெர்த்தத்தான் புக் பண்ணேன், ஒம்பது தடுப்புலயும் விழுந்துட்டு!”

அவள் எழுதியிருந்தது: அரே(9).ஃபில்(அரே(8).ஃபில்(0)). பார்வைக்குச் சரியான வரி. ஆனால் 1995-இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய இந்த மொழியில் பேசிக்கில் இருந்ததுபோல் இருபரிமாண அரே கிடையாது. இருப்பது அரேக்களை வைத்திருக்கும் அரே. வெளி அரே உள் அரேயைச் சுமப்பதில்லை. அது இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ஃபில்(0) வெறும் எண்ணை நிரப்புவதால் அதில் சிக்கல் இல்லை. வெளியே இருக்கும் ஃபில், ஒரே வீட்டு விலாசத்தை ஒன்பது சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. எந்தச் சீட்டோடு போனாலும் கதவு ஒன்றுதான். அரே.ஃப்ரம் எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் புது உள் அரேயைத் தரும் ஃபங்ஷனைக் கொடுத்தால் ஒன்பதும் தனித்தனியாகும். நகலெடுக்கும்போதும் இதே ஆபத்து உண்டு: ஸ்லைஸ் வெளி அரேயை மட்டுமே நகலெடுக்கும், உள்ளேயும் தனியாக வேண்டுமென்றால் ஸ்ட்ரக்சர்ட்குளோன்.

அப்படியானால் பேசிக்கே மேலா? இல்லை. புது எல்எச்பி ஸ்லீப்பர் பெட்டியில் 80 பெர்த், பத்துத் தடுப்பு. முதல் வகுப்பு ஏசியில் நான்கு பேர் அறையும் உண்டு, இருவர் கூபேயும் உண்டு. நீளம் மாறும் இப்படிப்பட்ட வரிசைகளை டிம் போட்ட செவ்வகத்தில் அடைத்தால் வெற்றுக் கட்டங்கள் மிஞ்சும். அரேக்களின் அரேயில் ஒவ்வொரு வரிசைக்கும் அதனதன் நீளம். அதனால்தான் லூப்பில் 9 என்றும் 8 என்றும் எழுதாதீர்கள், லெங்த்தைக் கேளுங்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓடும் ரயிலில் எல்லாப் பெட்டியும் ஒன்றுபோல் இருப்பதில்லையே.

ஜாவாஸ்கிரிப்ட் அரேயில் எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதையும் பெர்த்தை வைத்தே பழகலாம். பெர்த் 37-இல் ஒன்றைக் கழித்தால் 36. எட்டால் வகுத்தால் ஈவு 4, மீதி 4. எண்ணுவது சுழியத்திலிருந்து என்பதால் அது ஐந்தாம் தடுப்பில் ஐந்தாம் இடம்: மிடில் பெர்த். அடுத்த முறை ரயில் ஏறும்போது உங்கள் ஸ்லீப்பர் டிக்கெட்டிலுள்ள பெர்த் எண்ணை இப்படி வகுத்துப் பாருங்கள். மீதி 7 வந்தால் சைடு அப்பர்.