கடலுக்கும் பஞ்சாங்கம் உண்டு மாப்பிள்ளே

நியூயார்க்ல கப்பல் ஏறி கனடாப் பக்கம் போறீகளாமே, எம் மவ போன்ல சொன்னா. பால்கனி வச்ச ரூமாம், நடுராத்திரியில எழுந்திரிச்சுப் போனாலும் சோறு கெடைக்குமாம். நல்லது. படிச்சவுக எடுத்த முடிவுல நான் என்னத்தக் குத்தஞ் சொல்ல? எந்த வாரம் தள்ளுபடின்னு பாத்துத் தேதி குறிச்சிருக்கீக. லீவு பாத்தாச்சு, துணி தொவைக்கக் காசு தனியான்னுகூட கேட்டாச்சு. செயின்ட் ஜான்ல கப்பல் நிக்கிற அன்னைக்குக் கடல் எப்ப ஏறுது, எப்ப எறங்குதுன்னு மட்டும் பாக்கல. அது சின்ன விசயம். அதப் பாக்கத்தான் போறீகங்கிறது அதைவிடச் சின்ன விசயம்.

மூத்தவ வீட்டுக்குப் போனப்ப நானும் செயின்ட் ஜான் இருக்கிற நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துப் பக்கம் ரெண்டு சுவெட்டர மாட்டிக்கிட்டுச் சுத்துனவந்தான். நம்ம தூத்துக்குடிக் கடல் ஏறி எறங்குறது ஒரு மீட்டர் தேறாது. அங்க ஃபண்டி விரிகுடாவுல, செயின்ட் ஜான் துறைமுகத்துலயே 8 மீட்டருக்கு மேல போகும். காலையில கரைக்கு மேல ஓங்கி நின்ன கப்பல், மத்தியானம் பாத்தா உள்ள எறங்கிக் கெடக்கும். விரிகுடாவோட உள்கோடியில, பர்ன்ட்கோட் முனையில, 16 மீட்டர் வரைக்கும் ஏறும். உலகத்துலயே அதுக்கு மேல ஏறுற கடல் கெடையாது.

ஏன்னு கேக்கமாட்டீக, இருந்தாலும் சொல்லுதேன். தூளி ஆட்டுறவ, தூளி திரும்பி வார நேரம் பாத்துத் தள்ளுவா. அப்பத்தான் அது ஒசர ஒசரப் போகும். ஃபண்டி விரிகுடாத் தண்ணி தானா ஒரு ஆட்டம் ஆடிட்டு வர ஏறக்குறைய 13 மணி நேரமாகும். வெளிக்கடல்ல இருந்து ஏத்தம் வந்து தள்ளுறது 12 மணி 25 நிமிசத்துக்கு ஒருக்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகுது. அதான் அந்த ஒசரம்.

இப்ப நீங்க வாங்கியிருக்கிற டிக்கெட்டுக்கு வருவம். செயின்ட் ஜான்ல எறங்குனா பாக்கிறதுக்கு முக்கியமா ரெண்டு. ஒண்ணு ரிவர்சிங் ஃபால்ஸ். ஃபால்ஸ்ன உடனே குத்தாலத்த நெனச்சு எண்ணெய் தேச்சுக்கிட்டுப் போயிராதீக. அது செங்குத்தா விழுற அருவி இல்ல. 670 கிலோமீட்டர் ஓடி வார செயின்ட் ஜான் ஆறு, கடைசியில ஒரு ஒடுக்கமான பாறை இடுக்கு வழியா நொழைஞ்சு கடல்ல சேருது. கடல் வத்திக் கெடக்கையில ஆத்துத் தண்ணி 4 மீட்டர் மேல நிக்கும். சுழிச்சு நுரைச்சுக் கீழ பாயும். கடல் ஏறுச்சுன்னா கதை மாறிப்போகும்: கடல் 4 மீட்டர் மேல நின்னு, ஆத்த வந்த வழியே பின்னால தள்ளும். 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஃபிரெடெரிக்டன் வரைக்கும் அந்தத் தள்ளு தெரியும்னா பாத்துக்கிடுங்க. நடுவுல ஒரு 20 நிமிசம் தண்ணி எந்தப் பக்கமும் ஓடாம நிக்கும். படகுக்காரன் அப்பத்தான் அந்த இடுக்கத் தாண்டுவான். உங்கள மாதிரி சுற்றுலாக்காரவுக சரியா அந்த 20 நிமிசத்துல போய் நின்னு, “இதுக்கா இவ்வளவு தூரம்?”னு கேட்டுட்டு, கூப்பிடு தூரத்துல இருக்கிற காகிதக்கூழ் ஆலையப் படம் புடிச்சுட்டுத் திரும்புவாக.

இன்னொண்ணு ஹோப்வெல் பாறைகள். கடல் அரிச்சு அரிச்சு, தலையில மரம் முளைச்ச தூணா நிக்கிது. வத்தத்துல படியெறங்கிக் கடல் தரையில நடக்கலாம். ஏத்தத்துல அதே எடத்துல படகுக்காரன் துடுப்புப் போடுவான். அதுல யானைப்பாறைன்னு ஒண்ணு, அந்த மாகாணத்து மருத்துவ அட்டையிலயே அதோட படம் உண்டு. 2016 மார்ச்சுல ஒரு பக்கம் பொலபொலன்னு உதிந்துபோச்சு. அட்டையில படம் வந்ததுக்காகக் கடல் அரிக்காம இருக்குமா? கப்பலடியில இருந்து அங்க போகவே காருல ரெண்டு மணி நேரம், திரும்ப ரெண்டு. வத்தத்துக்கு முன்ன மூணு, பின்ன மூணு, ஏறக்குறைய அவ்வளவுதான் கீழ எறங்க விடுற நேரம்.

இனித்தான் உங்க அத்தை காதுல விழக்கூடாத சமாச்சாரம். செயின்ட் ஜான்ல அமாவாசை பௌர்ணமி ஒட்டுன நாள்ல, நடுப்பகல் தாண்டுற நேரத்துக்குக் கடல் முழுசா ஏறி நிக்கும். வத்தம் விடியக்காலமும் அந்தியிலயும். கப்பல் காலை 8-க்கு வந்து சாயங்காலம் 5-க்குக் கெளம்புதுன்னா, ஆறு முன்னால பாயிறதையும் பாக்கலாம், மத்தியானம் பின்னால போறதையும் பாக்கலாம். டாக்சியில பத்து நிமிசப் பாடு. ஆனா அன்னைக்கு ஹோப்வெல் போனீகன்னா, மேல நின்னு வேலியப் புடிச்சுக்கிட்டுத் தண்ணியப் பாத்துட்டு வரவேண்டியதுதான்.

கடல் தரையில கால் வைக்கணுமா? அரைநிலா நாளப் புடிங்க. ஆமா மாப்பிள்ளே, அஷ்டமி! நம்ம வீட்டுல கடைக்கு உப்பு வாங்கக்கூட ஆள் அனுப்பாத அஷ்டமியிலதான் அங்க நடுப்பகல்ல கடல் வத்திக் கெடக்கும். ஏத்தம் பௌர்ணமி அளவுக்கு இருக்காது, ஆனா நடக்கிறவனுக்கு நேரந்தானே முக்கியம். ஆத்தத் தலைகீழாவும் பாப்பேன், தரையிலயும் நடப்பேன்னு ரெண்டையும் ஒரே பகல்ல கேட்டா, கப்பல் கம்பெனி “ஆகட்டும்”னு சொல்லும். கடல் சொல்லாது.

நீங்க குறிச்ச தேதி, பாக்க நெனைக்கிறதுக்கு ஒத்துவரலையா? ஒரு வாரம் முன்னயோ பின்னயோ தள்ளுங்க. ஏத்தம் நாளுக்கு 50 நிமிசம் பிந்தும். ஏழு நாள்ல ஏத்தம் நின்ன நேரத்துக்கு வத்தம் வந்துரும். இது சோசியக்காரன் பேச்சு இல்ல. கனடா அரசாங்கத்தோட கடல் அளவைத் துறை வருசம் பூராவுக்கும் நாள், மணி, நிமிசத்தோட அட்டவணை போட்டு வச்சிருக்கு. நம்ம பஞ்சாங்கத்துக்குத் தட்சணை உண்டு, அந்த அட்டவணைக்கு அதுவும் இல்ல. செப்டம்பர், அக்டோபர்னா இலையும் செவந்து கெடக்கும், ஆத்துல வெள்ளமும் இருக்காது. வசந்தத்துல பனி உருகி ஆறு பெருகி வந்தா, கடல் தள்ளுனாலும் அது லேசுல திரும்பாது.

கடியாரம் ஒண்ணு இருக்கு, அதுல கோட்டை விட்டுராதீக. நியூயார்க்குக்கும் செயின்ட் ஜானுக்கும் ஒரு மணி வித்தியாசம். அங்க முன்னால ஓடும். கப்பல் கடியாரம் எந்த ஊரு நேரத்துல ஓடுதுன்னு கேட்டுக்கிடுங்க, அட்டவணையில கோடைக்காலத்துக்கு ஒரு மணி கூட்டியிருக்கானான்னும் பாத்துக்கிடுங்க. தப்புனா, மூணு மணி நேரக் கணக்குல ஒரு மணி போச்சு. அப்புறம், ஹோப்வெல்லுக்குத் தனியா கார் எடுத்துட்டுப் போயி வழியில மாட்டிக்கிட்டா கப்பல் நிக்காது. கப்பல்காரன் பஸ்ல போனா அவன் காத்திருப்பான். காசு கூடத்தான், ஆனா மாமனார் சொல்ற செலவெல்லாம் மருமகனுக்குக் கூடத்தான் தெரியும்.

ஊருக்குப் பேரு வந்த கதையும் இதே கதைதான். 1604 சூன் 24-ஆம் தேதி ஷாம்ப்லேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு அந்த ஆத்து வாயில வந்து சேந்தாரு. அன்னைக்குப் புனித யோவான் திருநாள், அதையே ஆத்துக்குப் பேரா வச்சாரு, ஊருக்கும் அதுவே பேராச்சு. அவருகூட நாள் பாத்திருக்காரு.

கம்பெனிக்காரன் தேதி மாத்தக் கட்டணம் கேப்பான், குடுத்துருங்க. அஷ்டமியாப் பாத்து மாத்துங்க. உங்க அத்தை கேட்டா, வளர்பிறைன்னு மட்டும் சொல்லுங்க.