காப்பாருக்குத்தான் போகவேண்டும்

மாதத்தில் ஒரு ஞாயிறு, பிரிக்ஃபீல்ட்ஸில் பசியாறிவிட்டுக் கிளம்பி, கிள்ளானைத் தாண்டி, காப்பார் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறேன். போகாமலும் பாட்டு செய்யலாம். என்னோடு வாசிக்கும் பினாங்குப் பையன் கித்தாரை வாசித்துப் பதிந்து போனிலேயே அனுப்பிவிடுகிறான்; இரண்டு வருஷமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம், அவனை நேரில் பார்த்ததே இல்லை. அண்ணனிடம் அது நடக்காது. “நீ வா தம்பி, மெஷின் இங்கதானே இருக்கு” என்பார். மெஷின் என்றால், 1986-இல் அவர் ஒரு வருஷம் சீட்டுக் கட்டி வாங்கிய நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டர்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அதை விளக்கத்தான் வேண்டும். சாதாரணக் கேசட் நாடாவில் ஒரு பக்கத்துக்கு இரண்டு, மறுபக்கத்துக்கு இரண்டு என்று நான்கு ட்ராக் உண்டு. அந்த நான்கையும் ஒரே திசையில் ஓடவைத்துத் தனித்தனியாகப் பதிய வழி செய்தது டாஸ்காம், 1979-இல், போர்ட்டாஸ்டூடியோ என்ற பெயரில். வேகமும் இரட்டிப்பு, ஆகவே 60 நிமிஷக் கேசட்டில் நமக்குக் கிடைப்பது 15 நிமிஷம். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் தம் வீட்டில் உட்கார்ந்து அப்படியொரு மெஷினில் மாதிரிக்காகப் பாடி வைத்ததுதான் ‘நெப்ராஸ்கா’ இசைத்தட்டாகவே வெளிவந்தது என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. எங்களுக்கு அன்று தெரிந்ததெல்லாம், கிள்ளானில் பிறந்த மலேசியா வாசுதேவன் சென்னைக்குப் போய் சினிமாவில் பாடினார், ஆகவே காப்பாரில் ஒரு தோட்டத்து லயத்து வீட்டிலிருந்தும் பாட்டு வெளியே போகும் என்பதுதான்.

சமையற்கட்டுக்குப் பின்னால், அரிசிச் சாக்கைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட அறை. தோட்டத்து ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். முதல் ட்ராக்கில் அண்ணனின் தபேலா, இரண்டில் அவரே வாசித்த கித்தார், மூன்றில் என் கீபோர்டு. மூன்றையும் கலந்து நான்காவதில் இறக்கிவிட்டால் முதல் மூன்றும் குரலுக்குக் காலியாகும். குரலைப் பதியத் தொடங்கிவிட்டால் பழையது அழிந்துவிடும். தபேலா கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்று நாளைக்குத் தோன்றினால் தோன்றியதுதான், பிரிக்க முடியாது. அதனால் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை கேட்பார். “சரியா தம்பி?” என்பார். “சரிண்ணே” என்று சொல்லும்போது என் தொண்டை வறண்டிருக்கும், ஏனென்றால் அந்தச் சொல்லோடு பாட்டு தீர்மானமாகிவிடும். இன்று என் கணினியில் ஒரே பாட்டுக்கு 62 ட்ராக் இருக்கின்றன, ஒரே பல்லவியை 19 விதமாகப் பாடி வைத்திருக்கிறேன், எதையும் அழிக்க வேண்டியதில்லை என்பதால் எதையும் முடிக்காமல் ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் “சரியா தம்பி?” என்று கேட்க ஆளில்லை.

1999-இல் முதல் கணினி வாங்கிய உற்சாகத்தில், இரண்டு வருஷத்தில் கேசட்டையே எல்லாரும் மறந்துவிடுவார்கள், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வாங்கண்ணே என்று நெஞ்சார நம்பித்தான் அழைத்தேன். அவர் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்துக்கொண்டே “செஞ்சிடலாம் தம்பி” என்றார். பஞ்சில் ஏறிய பழுப்பைப் பார்த்து, திருப்திப்பட்டு, இன்னொரு பஞ்சு எடுத்தார். பெல்ட் தளர்ந்தால், நூலை வைத்து அளவெடுத்து, அந்த நூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் கடை கடையாக ஏறி இறங்குவார். தோட்டம் போய்த் தாமான் வந்தது, லயம் போய் இரண்டு மாடி வீடு வந்தது, மின்சாரம் இருபத்து நான்கு மணி நேரமும் வந்தது. மெஷின் மட்டும் அதே மேசைமீது.

போன வருஷம், 2003-இல் நாங்கள் என் கணினியில் செய்த 11 பாட்டுகளைத் தேடினேன். ஒரு டிஸ்க் சுழலவே இல்லை. இன்னொன்றில் கோப்புகள் இருந்தன, அவற்றைத் திறக்கும் மென்பொருள் இப்போதைய கணினியில் ஏறவில்லை. மனம் உடைந்து அண்ணனிடம் போனேன். அவர் பேசாமல் 1987 என்று எழுதிய கேசட்டை எடுத்து, பேனாவை அதன் பல்சக்கரத்தில் செருகி (உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சுற்றியிருப்பார்கள்) தொய்வை இழுத்துவிட்டு, மெஷினில் போட்டார். பாடியது. இந்தக் கேசட்டுகளைச் சாதாரண டேப்பில் போட்டால் பாதி வேகத்தில் இழுபடும்; திருப்பிப் போட்டால் மற்ற இரண்டு ட்ராக்கும் பின்னோக்கி ஓடும். அலமாரியில் 43 இருக்கின்றன. “இதை மாத்திட்டா, இதெல்லாம் எதுல தம்பி பாடும்?” என்றார். இத்தனை வருஷம் நான் பிடிவாதம் என்று நினைத்திருந்ததற்கு அவர் தந்த ஒரே விளக்கம் அது.

இப்போது ஞாயிறுகளில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு என் கணினியில் ஏற்றுகிறோம். ஒரு பாட்டு ஓடும் நேரம் முழுக்க இருவரும் உட்கார்ந்து கேட்டே ஆகவேண்டும், அவசரப்படுத்த வழியில்லை. போன மாதம் வந்த கேசட்டில், சரணத்தின் மூன்றாவது வரியில் என் குரல் பட்டென்று அறுந்தது. ஜெனரேட்டர் நின்ற இரவு. மறுவாரம் பாடிக்கொள்ளலாம் என்று வைத்து, அப்படியே விட்டுப்போனது. குரல் போன பிறகும், முன்பே இறக்கி வைத்த தபேலாவும் கித்தாரும் என் கீபோர்டும் எனக்காகக் காத்துக்கொண்டு போவதுபோல ஓடிக்கொண்டே இருந்தன.

அண்ணன் நாடாவைப் பின்னுக்குச் சுற்றினார். மைக்கை என் பக்கம் திருப்பினார்.

“ரெண்டாவது ட்ராக் காலியாத்தான் இருக்கு. மிச்சத்தைப் பாடு தம்பி.”