பொய்வெடி இயல்

மாணாக்க, விசையை இழுத்தும் ஈயம் புறப்படாமை பொய்வெடி எனப்படும். விசையை இழுக்காமலே ஈயம் புறப்படுதல் இந்நூலில் அடங்காது. அது கேட்டியலைச் சார்ந்தது. இழுக்கவும் இல்லை, புறப்படவும் இல்லை எனில் அது துவக்கு சும்மா இருத்தல். இம்மூன்றையும் பிரித்தறியாதவன் மேலே செல்லற்க.

வாய்வழியே மருந்திட்டுக் கோலால் இடிக்கப்படுவது இடியன். தீப்பற்றும் முறையால் இடியன் மூன்று. திரியால் பற்றுவது திரிப்பற்றி. கல் இரும்பிற் பட்டுச் சிந்தும் பொறியால் பற்றுவது கற்பற்றி. தட்ட வெடிக்கும் செப்புத் தொப்பியால் பற்றுவது தொப்பிப்பற்றி. 1628இல் மட்டக்களப்புப் புளியந்தீவிற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரும், 1638இல் அதைப் பறித்த ஒல்லாந்தரும் தோளிற் சுமந்தவற்றுட் பெரும்பாலன திரிப்பற்றிகளே. கற்பற்றி பின்னர்க் களப்பைக் கடந்தது. நாம் எடுத்துக்கொண்டது அதுவே. தொப்பிப்பற்றியை ஏன் விட்டோம் எனின், அது பொய்ப்பது அரிது. 1834இல் ஆங்கிலேயர் ஊல்விச்சில் இரண்டையும் ஆறாயிரம் ஆறாயிரம் முறை சுட்டு எண்ணினர். கற்பற்றி 922 முறை பொய்த்தது; தொப்பிப்பற்றி 36 முறையே. முப்பத்தாறை வைத்துக்கொண்டு எவன் நூல் செய்வான்?

கற்பற்றியின் உறுப்புகள் ஐந்து: கல்லைப் பிடிக்கும் கவ்வி, அடிவாங்கிப் பொறி சிந்தும் தட்டிரும்பு, ஒரு சிட்டிகை மருந்து தாங்கும் கிண்ணி, கிண்ணியிலிருந்து உள்ளே தீயைக் கடத்தும் ஊசித் துளையாகிய பற்றுவாய், குழல். ஆறாவது உறுப்பு சுடுபவன். அவனைக் கடைசியிற் பார்ப்போம்.

பொய்வெடி நான்கு வகைப்படும். அவற்றை ஓசையால் அறிக. 'டக்' என்று நிற்பது பொறியிலி. 'டக், புசுக்' என்று நிற்பது கிண்ணிச்சுடர். 'டக், புசுக்' என்று நின்று, நீ குனிந்து பார்க்கத் தொடங்கியபின் 'படார்' என்பது பிந்துவெடி. நான்காவதற்கு ஓசை இலக்கணம் இல்லை.

பொறியிலி மூன்று வழியால் வரும். கல்லின் விளிம்பு மழுங்கினால் வரும். விளிம்பை மெல்லத் தட்டிச் சிம்பு எடுத்துக் கூராக்குக. கவ்வியினுள் கல் ஆடினால் வரும். தோற்றுண்டு சுற்றி இறுக்குக. தட்டிரும்பில் எண்ணெய் படிந்தால் வரும். முன்னிரண்டும் சோம்பருக்கு வருவன; மூன்றாவது அக்கறையாளருக்கே வருவது. துவக்கின்மேல் அன்பு மிக்கவன் அதைக் குழந்தைபோல் எண்ணெய் முழுக்காட்டுவான். எண்ணெய் பூசிய இரும்பு பொறியை விழுங்கும். ஆகவே தட்டிரும்பையும் கல்லையும் காய்ந்த துணியால் துடைத்து, அவற்றின்மேல் அன்பு காட்டாது விடுக.

கிண்ணிச்சுடராவது, கிண்ணி மருந்து எரிந்து சுடுபவனின் புருவத்தைக் கருக்கியபின் குழல் வாளா இருத்தல். இது பற்றுவாய் அடைபடுதலால் நிகழ்வது. அடைப்பு இரண்டு: கரியடைப்பு, குளவியடைப்பு. முன்னையது சுட்டதனால் வருவது. பின்னையது சுடாமையால் வருவது. கூரைவளையில் நெடுநாள் தொங்கிய துவக்கில் மண்குளவி குடியேறும். இரண்டிற்கும் மெல்லிய கம்பியே மருந்து. இனி, கிண்ணி முதலில் எரிந்து குழல் பின்னர் வெடிப்பதனால், சுடர் கண்ட பறவை ஈயம் வருமுன் எழுந்துவிடும். இதனால் நொந்த ஃபோர்சைத் என்னும் ஸ்கொட்லாந்துப் பாதிரியார், தட்ட வெடிக்கும் மருந்தைத் துவக்கிற் பொருத்தி 1807இல் அதற்கு உரிமம் பெற்றார். தொப்பிப்பற்றிக்கு வழி அதனாலேயே திறந்தது. நம் இயலின் வீழ்ச்சியும் அவரிலிருந்தே தொடங்குகிறது. அவரைப் பற்றி இதற்குமேற் சொல்ல மாட்டோம்.

பிந்துவெடி, ஈர மருந்தாலும், பற்றுவாயினுள் மருந்து நெருங்கித் திணிந்து திரிபோல் மெல்ல எரிதலாலும் வரும். துவக்கு பொய்த்ததும் குழலை ஆளில்லாப் புறம் நீட்டியபடியே நூறுவரை எண்ணுக. எண்ணத் தெரியாதவன் துவக்கெடுக்கலாகாது. விரைந்து எண்ணுபவனும் ஆகாது.

நான்காவது மருந்திலி. மருந்திட மறந்து ஈயத்தை மட்டும் இடித்துவிடுதல். இது துவக்கின் குற்றமன்று, ஆளின் குற்றம். ஆதலால் வகையாகாது என்பாரும் உளர். அவர் ஆறாவது உறுப்பை மறந்தார்.

இனித் தூய்மை. பொய்வெடிகளுட் பெரும்பாலானவற்றுக்குத் தாய் பழங்கரி. கருமருந்து எரிந்தபின் அதன் எடையிற் பாதிக்கு மேல் வளியாக மாறாமல் உப்பும் கரியுமாகவே எஞ்சும். சிறிது புகையோடு போகும். மீதி குழலிற் படியும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தைக் குடித்து முதலிற் சேறாகும், பின்பு இரும்பைத் தின்னும். ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் களப்பின் கரையில் அதற்குக் குடிக்க என்ன குறை? கரியும் இரண்டாம். கடற்காற்றும் களப்புக் காற்றும் ஒருங்கே நக்குவது எழுவான்கரைக் கரி. இது சுட்ட அன்றே இளகும். வயலுக்கு அப்பால் உன்னிச்சை, கரடியனாற்றுப் புறங்களிற் பன்றிக்குக் காவலிருந்தவன் துவக்கிற் படிவது படுவான்கரைக் கரி. இது கோடையில் ஓரிரவு பொறுக்கும். மாரியில் இரு கரைக்கும் வேறுபாடு இல்லை.

கழுவுமுன் உள்ளே மருந்தில்லை என உறுதி செய்க. இடிகோலைக் குழலினுள் அடிவரை விட்டு, வாயருகே விரலால் அளவு குறித்து எடுத்து, குழலின் வெளியே வைத்துப் பார். கோல் பற்றுவாய்வரை எட்டவில்லையேல் உள்ளே ஏதோ குடியிருக்கிறது.

கழுவும் நீர் நான்கு. மழைநீர் தலை. கிணற்றுநீர் இடை. குளத்துநீர் வண்டல் வடித்தபின் இடை, வடிக்குமுன் கடை. களப்புநீர் விலக்கு. மாரியில் ஆற்றுவெள்ளம் புகுந்து களப்புநீரின் உப்புக் குறையும், அப்போது ஆகுமன்றோ என்று கேளாதே. உப்பைக் கழுவ உப்புநீர் எடுப்பவன் கணக்கறியான். எந்நீராயினும் வெந்நீராகட்டும், கரியின் உப்பு அதில் விரைந்து கரையும், சூடேறிய இரும்பு தானே உலரும். எண்ணெயால் மட்டும் துடைத்தால் போதும் என்பது பிழை. எண்ணெயில் அவ்வுப்புக் கரையாது. அதன் அடியிலேயே பதுங்கித் துருவை வளர்க்கும்.

துடைக்கும் துணிக்கு மூன்று தகுதி: பழமை, பருத்தி, பகையின்மை. பழைய சாரம் மூன்றும் உடையது. பாலியெஸ்டர் ஈரம் உறிஞ்சாது. பகையின்மையாவது உடையவரின் இசைவு. மனைவியின் சேலைத் தலைப்பைக் கிழித்துக் குழல் துடைத்தவன் வீட்டில் எழும் வெடி ஒருபோதும் பொய்ப்பதில்லை. ஆகவே அது இந்நூலுக்குப் புறம்பு.

உலர்ந்தபின் எண்ணெய் இடுக. பூசியது கண்ணுக்குத் தெரிந்தால் மிகை. மறுமுறை மருந்திடுமுன் அதையும் துடைத்தெடுக்க. இல்லையேல் மருந்து நனையும், பிந்துவெடிக்குத் திரும்புவாய். 1916இல் எழுந்த சுடுகலன் கட்டளைச் சட்டப்படி உரிமச் சீட்டு இல்லாதவனுக்கு இவ்வளவும் வேண்டா. அவன் துவக்கு பொய்த்தாலும் குற்றம், பொய்க்காவிட்டாலும் குற்றம்.

எஞ்சியது இறகு. மருந்திடும்பொழுது பற்றுவாயில் இறகின் காம்பைச் செருகிவைத்து, கிண்ணிக்கு மருந்திடுமுன் உருவிவிட்டால், துளை திறந்தே இருக்கும். மயிலிறகின் காம்பு தடித்தது, ஆகாது. கொக்கிறகு ஆகும், ஆயின் கொக்கு வேண்டும், கொக்குக்குப் பொய்க்காத துவக்கு வேண்டும். கோழியிறகே எளிது. அதில் சேவலிறகா பேட்டிறகா என்னும் வினாவும், இடச்சிறகு வலச்சிறகு வேறுபாடும், இறகியலின் மூன்றாம் பிரிவில் விரித்துரைக்கப்படும்.