ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு

எங்கள் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஹார்லிக்ஸைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. சுரண்டியும் போகாத லேபிளுக்குப் பின்னால் துவரம்பருப்புதான். ஐஸ்கிரீம் டப்பாவை ஆசையாகத் திறந்தால் இட்லி மாவு. அப்பாவின் வேட்டி கிழிந்து தலையணை உறையாகி, கரித்துணியாகி, கடைசியில் சைக்கிள் துடைக்கப் போனது. அப்போது இதற்குப் பெயர் கஞ்சத்தனம்.

2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது அம்மாவுக்குத்தான் குழப்பம்: "மீண்டும்னா? நாம எப்படா விட்டோம்?"

போன வாரம் என் மனைவி பருப்பு போட்டுவைக்க ஆன்லைனில் 'பழங்கால' கண்ணாடி பாட்டில் ஆறு வாங்கினாள். 800 ரூபாய். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது வந்த அட்டைப்பெட்டியை மட்டும் பரணில் ஏற்றிவிட்டாள், எதற்காவது ஆகுமாம்.